மிரேலாவுக்கு ஒரு தட்டு

பெர்சிடா மதம் மாறிவிட்டாள் என்ற சேதி பெர்சிடாவுக்கே பஸ்ஸில் வைத்துத்தான் தெரிய வந்தது. வலேனியிலிருந்து டவுனுக்குப் போகும் செருப்புக் கம்பெனி பஸ் அது. மில் ஸ்டாப்பில் ஏறிய ஒருத்தி இன்னும் சீட்டில் உட்காரக்கூட இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"என்ன பெர்சிடாக்கா, தண்ணியில எப்ப முக்கி எடுக்கப் போறாங்க? குளிரு வர்றதுக்குள்ள முடிச்சுக்கோங்க. அப்புறம் சளி பிடிச்சுக்கும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். பெர்சிடாவும் சிரித்து வைத்தாள். சிரிக்காமல் இருந்தால் உண்மை என்றாகிவிடுமே. பக்கத்து சீட்டில் இருந்த எஸ்தேரா மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு இந்தக் கிண்டலெல்லாம் பால்குடி நாளிலிருந்தே பழக்கம்.

எஸ்தேரா "திரும்பினவங்க" வீட்டுப் பெண். மனந்திரும்பினவர்கள் என்பதை வலேனிக்காரர்கள் அப்படிச் சுருக்கி வைத்திருந்தார்கள். மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை. மேட்டுத் தெருவில் தகரக் கோபுரத்தோடு பெரிய கோவில் இருக்கிறது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அங்கேதான். ஆற்றோரம் வெள்ளையடித்த ஒரு கூடம், அது திரும்பினவங்களுடையது. அங்கே படம் கிடையாது, மெழுகுவத்தி கிடையாது, ஞானஸ்நானம்கூட வளர்ந்த பிறகு தண்ணீரில் முழுசாக முக்கித்தான். அவர்கள் சிலுவை போட்டுக்கொள்ள மாட்டார்கள், பிளம் சாராயத்தைத் தொட மாட்டார்கள், செத்துப்போனவர்களுக்காக ஜெபம் செய்ய மாட்டார்கள். சாராயம் குடிக்காததைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. கடைசியாகச் சொன்னதை மட்டும் பொறுத்துக்கொள்ளவில்லை.

பெர்சிடா ஒன்றும் பெரிய பக்திக்காரி இல்லை. ஷூவின் மேல்தோலைத் தைத்துத் தைத்துத் தோள் இறங்கிப்போனவள். புருஷன் சிமியோன் காட்டில் மரம் வெட்டும்போது மரம் சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகன் ஸ்பெயினில் தக்காளி பறிக்கிறான்; ஞாயிற்றுக்கிழமை போன் செய்து "சாப்டியாம்மா" என்பான், அதற்கு மேல் பேச்சு ஓடாது. வீட்டுக்கு வந்தால் சுவரோடுதான் பேச வேண்டும். இந்த நிலைமையில்தான் போன குளிர்காலத்தில் எஸ்தேரா கேட்டாள்.

"வியாழக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்கக்கா. பொம்பளைங்க மட்டும்தான். வேதம் படிப்போம், டீ குடிப்போம், அழுகை வந்தா அழுவோம்."

"என்னைய இழுத்துப் போடப் பாக்கறியா?"

"ஆமா," என்றாள் எஸ்தேரா. "ஆனா வரலைன்னாலும் பஸ்ஸுல இடம் பிடிச்சு வைப்பேன்."

அந்த நேர்மைக்காகத்தான் பெர்சிடா போனாள். டீக்காகவும் போனாள், மறைப்பானேன். 

அவள் வேதப்புத்தகத்தை எத்தனையோ முறை முத்தமிட்டிருக்கிறாள். பெரிய கோவிலில் பாதிரியார் தங்கத் தகடு போட்ட அட்டையோடு தூக்கிக்கொண்டு வருவார். வரிசையில் நின்று உதட்டை வைத்துவிட்டு நகர வேண்டியதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளும் பார்த்ததில்லை, அவள் அம்மாவும் பார்த்ததில்லை. எஸ்தேரா வீட்டுச் சமையலறையில் அதே புத்தகத்தைச் சாதாரணக் கறுப்பு அட்டையில், மேஜைமேல் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, "நீங்க படிங்கக்கா" என்று அவள் பக்கம் தள்ளினார்கள். பெர்சிடா எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் வாய்விட்டு எதையும் படித்ததில்லை. தன் குரலே யாரோ ஒருத்தியின் குரல் போல இருந்தது. ஆளுக்கு ஒரு வசனம் என்று மேஜையைச் சுற்றி வரும். ரஹிலா என்ற கிழவிக்குக் கண் மங்கல், ஆனால் கண்ணாடி போட மாட்டாள். பாதி வசனத்தைப் பார்த்துப் படிப்பாள், மீதியைச் சொந்தமாகப் போட்டுக்கொள்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். கர்த்தரும் சிரித்திருப்பார். வியாழக்கிழமை என்றால் பெர்சிடாவுக்குக் காலையிலிருந்தே கை வேகமாகத் தைத்தது.

கோடை முடியும் சமயம், ஒரு வியாழக்கிழமை, தாவீது ராஜாவின் பிள்ளை செத்துப்போகும் அதிகாரம் வந்தது. பிள்ளை சீக்காய்க் கிடந்தவரை ராஜா சாப்பிடாமல் தரையில் கிடக்கிறார். பிள்ளை போய்விட்டது என்று தெரிந்ததும் எழுந்து குளித்துச் சாப்பிடுகிறார். என்ன இது என்று கேட்கும் வேலைக்காரர்களிடம், அது இனி என்னிடம் வராது, நான்தான் அதனிடம் போவேன் என்கிறார். அந்த வசனம் பெர்சிடாவின் முறைக்கு வந்தது. பாதியில் நின்றுவிட்டாள். அப்புறம் மேஜைமேல் தலையை வைத்து, ஊரே கேட்கிற மாதிரி அழுதாள்.

எஸ்தேரா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுகை அடங்கியதும் கேட்டாள், "பிள்ளைக்குப் பேரு என்னக்கா?"

அத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. "மிரேலா," என்றாள் பெர்சிடா. மனசுக்குள்ளேயே அவள் வைத்துக்கொண்டிருந்த அந்தப் பெயர் வாயால் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியின் கடைசிக் குளிர்காலங்களில் ஒன்றில், பனி மூடி ரோடு அடைபட்டிருந்தபோது, வீட்டிலேயே பிறந்த பெண் குழந்தை. உதடெல்லாம் நீலம். மருத்துவச்சி பெர்சிடாவின் உதிரப்போக்கை நிறுத்துவதற்குப் போராடிக்கொண்டிருந்தாள். பாதிரியார் அன்று மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்தார்; சிமியோன் அவரைக் கூட்டிவர மலையைத் தாண்டி ஓடியிருந்தான். அறையில் மிச்சம் இருந்தது சிமியோனின் அக்கா சம்ஃபிரா. சாகக் கிடக்கும் பிள்ளைக்குப் பாதிரியார் வேண்டியதில்லை, ஞானஸ்நானம் வாங்கிய யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி வார்த்தையைச் சொல்லலாம், அது செல்லும். வலேனியில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். பெர்சிடா படுக்கையிலிருந்தபடியே கேட்டாள், "அண்ணி, ஒரு டம்ளர் தண்ணி குடு. நானே ஊத்திடறேன்." சம்ஃபிரா அடுப்புப் பக்கத்தை விட்டு நகரவில்லை. "சாமியார் வரட்டும். அவசரப்பட்டு ஊத்துறது சாவ வா வான்னு கூப்புடற மாதிரி." மறுபடி கேட்டாள். அதே பதில். பாதிரியார் பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது பிள்ளை குளிர்ந்துவிட்டிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார், மேற்கொண்டு எதுவும் செய்வதற்கில்லை என்றார். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தார்கள்.

ஞானஸ்நானம் இல்லாவிட்டால் பெயர் இல்லை. பெயர் இல்லாவிட்டால் பீடத்தில் வாசிக்க எதுவும் இல்லை. அதைவிட மோசம், தட்டும் கொடுக்க முடியாது.

எங்கள் பக்கத்தில் செத்துப்போனவர்களை வெறுங்கையோடு விடுவதில்லை. ஒரு தட்டு, அதில் பின்னல் ரொட்டி, குவளை, மெழுகுவத்தி எல்லாம் வைத்து, "இன்னார் ஆத்துமாவுக்கு" என்று பெயர் சொல்லி உயிரோடிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் "கடவுள் ஏத்துக்கட்டும்" என்பார். அவ்வளவுதான், அந்தப் பொருள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஏழு வருஷம் கொடுப்பார்கள்; ஏழாம் வருஷம்தான் பெரிய நினைவு நாள். பெர்சிடா சிமியோனுக்குத் தட்டு, துண்டு, நாற்காலி, ஒரு கம்பளிச் சட்டைவரை கொடுத்துவிட்டாள். அந்த உலகத்தில் அவனுக்கு இப்போது வீடு நிறையச் சாமான் இருக்கும். பிள்ளைக்கு ஒரு ஸ்பூன்கூட இல்லை. பெயரில்லாத தட்டு வழி தவறிப் போய்விடும் என்று மாமியார் உயிரோடிருந்த காலத்தில் சொன்னாள், சம்ஃபிராவும் தலையாட்டினாள்.

அதனால்தான் எஸ்தேரா அன்றைக்குச் சொன்னது அவளைத் தூக்கிவாரிப் போட்டது. "தண்ணி ஊத்துனாத்தான் கர்த்தர் எடுத்துக்குவாரா? மிரேலா அவருகிட்டதான் இருக்கா அக்கா. நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டியதும் இல்ல." பாதி வார்த்தை தேனாக இறங்கியது. கொடுக்க வேண்டியதில்லை என்ற மீதிப் பாதிதான் தொண்டையில் நின்றது. கொடுக்காமல் எப்படி? அது எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும், பிள்ளையை வெறுங்கையோடா விடுவார்கள்?

சிமியோனின் ஏழாம் வருஷம் இலையுதிர் காலத்தில் வந்தது. அதற்கு முந்தின வாரம் சம்ஃபிரா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். எதிர்வீடு. வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன்.

"ஏண்டி, ஊரெல்லாம் உன் பேச்சுதான். சாமியாரே என்னைக் கூப்புட்டுக் கேக்கறாரு. என் தம்பி எலும்பு இன்னும் மண்ணாகல, அதுக்குள்ள நீ ஆத்துப் பக்கம் போயிட்டியா?"

"படிக்கத்தான் போறேன் அண்ணி."

"படிச்சுக் கலெக்டர் ஆகப் போறியா? செத்தவங்களுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தாத கூட்டம். அவங்க வூட்டு டீயில என்னதான் போடறாங்க?"

பெர்சிடா மாவு பிசைந்த கையை எடுக்கவில்லை. "அங்க ஒரு ராஜா கதை இருக்கு. செத்துப்போன பிள்ளைகிட்ட நான் போவேன்னு சொல்றாரு. இத்தனை வருஷம் பெரிய கோவிலுக்குப் போனேன், இத எனக்கு யாரும் சொல்லல."

சம்ஃபிரா பதிலுக்குப் பதில் பேசாமல் விட்டதை அன்றுதான் பார்க்க முடிந்தது. வாசல்வரை போய்த் திரும்பி, "சாமியாரப் போய்ப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பாதிரியார் கொர்னேல் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். பெர்சிடாவை உட்காரவைத்து, தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார்.

"அம்மா, சிமியோன் அண்ணனுக்கு நான் வாசிப்பேன். அது அவரோட உரிமை. ஆனா குடுக்கறவங்க நம்ம சபையா இருக்கணும் இல்லையா? வியாழக்கிழமைய விட்டுடுங்க. ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு நிம்மதியா நினைவு நாளச் செய்யலாம்."

"விட்டா, என் பொண்ணு பேரையும் வாசிப்பீங்களா ஃபாதர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது நான் எழுதின சட்டம் இல்லம்மா. ஞானஸ்நானம் வாங்காத பேர எடுத்துட்டுப் பீடத்துக்குப் போக முடியாது. அந்தப் பிள்ளைய கடவுள் இரக்கத்துக்கு விட்டுடுவோம்."

"அந்த இரக்கத்துக்கு ஒரு தட்டு குடுத்து அனுப்பக்கூடாதா?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். வியாழக்கிழமையை விடுகிறேன் என்று அவளும் வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் காபியைக் குடித்து முடித்தார்கள்.

அவளுக்கு இது கோவில் சண்டையே இல்லை. சிமியோனை விட்டால் அவனோடு அத்தனை வருஷம் வாழ்ந்ததையெல்லாம் கைகழுவிவிட்ட மாதிரி. வியாழக்கிழமையை விட்டால் உலகத்தில் மிரேலா என்று சொல்ல ஒரு வாய்கூட மிஞ்சாது. ஒரு கையால் புருஷனைப் பிடித்தால் இன்னொரு கையிலிருந்து பிள்ளை வழுக்கியது. பைத்தியம் பிடிக்காத குறைதான்.

நினைவு நாளன்று கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் வால்நட்டும் கலந்து, மேலே சிலுவை வைத்து, தட்டம் நிறையக் கொண்டுபோனாள். கோவில் நிறைந்திருந்தது. பாதி பேர் சிமியோனுக்காக வந்திருந்தார்கள், பாதி பேர் பெர்சிடா சிலுவை போடுகிறாளா என்று பார்க்க வந்திருந்தார்கள். போட்டாள். கடைசியில் "நித்திய நினைவு" பாடும்போது எல்லோரும் அந்தக் கோதுமைத் தட்டத்தில் கை வைத்து மேலும் கீழும் தாலாட்டுகிற மாதிரி ஆட்ட வேண்டும். கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவர் தோளைத் தொடுவார்கள். இப்படிச் செத்தவனோடு உயிருள்ளவர்கள் எல்லோரும் ஒரு கோர்வையாகிவிடுவார்கள்.

பாதிரியார் பெயர் சொல்லும் இடம் வந்தது. "உம் ஊழியன் சிமியோன்..." அவர் மூச்சு வாங்குவதற்குள் பெர்சிடா சொன்னாள்:

"மிரேலா."

சத்தமாகத்தான் சொன்னாள். பாட்டு அறுந்தது. தட்டம் பாதி உயரத்தில் நின்றது. தோள்மேல் இருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகுவதை அவள் முதுகே உணர்ந்தது. பாதிரியார் முகம் சிவந்து, கண்ணைத் தாழ்த்தி, சிமியோன் என்ற பெயரிலிருந்தே திரும்ப எடுத்துப் பாடினார். மிரேலா என்ற பெயர் காற்றில் போன மாதிரி ஆயிற்று. தட்டம் கனத்தது. எதிர்ப்பக்கம் சம்ஃபிராவின் கை மட்டும் தட்டத்தை விடவில்லை. கோபத்தில்தான் அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று பெர்சிடா நினைத்தாள்.

சாப்பாடு முடிந்தது. மற்றவர்களுக்கெல்லாம் தட்டு கொடுத்தாயிற்று. ஒரு தட்டை மட்டும் எடுத்து வைத்திருந்தாள்: வெள்ளைப் பீங்கான், ஓரத்தில் நீலக் கோடு, உள்ளே சின்ன ரொட்டி, பிள்ளைகள் குடிக்கிற அளவில் ஒரு குவளை. அதைத் துணியில் மூடி எடுத்துக்கொண்டு நேரே எஸ்தேரா வீட்டுக்குப் போனாள். பேரைக் கேட்டவள் அவள்தானே.

எஸ்தேரா கதவைத் திறந்து தட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"சிமியோனுக்கும் மிரேலாவுக்கும்," என்றாள் பெர்சிடா, தட்டை நீட்டி.

"அக்கா, உள்ள வாங்க. உக்காருங்க."

"வாங்கிக்கோ முதல்ல."

"உங்க கையால விஷம் குடுத்தாலும் சாப்புடுவேன் அக்கா. ஆனா அவங்க ஆத்துமாவுக்குன்னு குடுத்தா வாங்க முடியாது. வாங்கினா, இயேசு செஞ்சது பத்தல, நாம ரொட்டி குடுத்தாத்தான் பத்தும்னு சொன்ன மாதிரி. அது பொய்யில்லையா?"

"நீதான என் பிள்ளை பேரக் கேட்ட?"

"கேட்டேன்."

"கேட்டுட்டு, அவளுக்கு ஒரு வாய் ரொட்டி வாங்க மாட்டேங்கற."

எஸ்தேரா அழுதாள். நிஜமான அழுகைதான், அதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. ஆனால் கையை நீட்டவில்லை. பெர்சிடா தட்டைத் துணியால் திரும்ப மூடிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் ஒரே யோசனை: பெரிய கோவிலில் ரொட்டி உண்டு, பேர் கிடையாது; எஸ்தேரா வீட்டில் பேர் உண்டு, ரொட்டி கிடையாது. என்ன ஜென்மம் இது!

அடுத்த வியாழக்கிழமை அவள் எஸ்தேரா வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸில் எஸ்தேரா இடம் பிடித்து வைத்திருந்தாள்; பெர்சிடா அதில் உட்கார மட்டும் செய்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எஸ்தேரா எப்போதோ கொடுத்த கறுப்பு அட்டைப் புத்தகத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்தத் தட்டு அலமாரியில் அப்படியே இருந்தது. ரொட்டி காய்ந்து கல்லாகிவிட்டது. எடுத்துப் போடக் கை வரவில்லை.

சம்ஃபிரா வந்தாள். இந்தத் தடவை கதவைத் தட்டினாள். கையில் ஒரு பை.

"இன்னிக்கு வியாழக்கிழமை. போகல?"

"இல்ல."

"துரத்திட்டாங்களா?"

"யாரும் துரத்தல அண்ணி. சண்டைக்கு வந்தியா? எனக்குத் தெம்பு இல்ல."

சம்ஃபிரா உட்காராமல் நின்றாள். கோவிலில் அவமானப்படுத்தியதற்கு இப்போது பூசை விழும் என்று பெர்சிடா காத்திருந்தாள். ஆனால் சம்ஃபிரா மேஜையைக் காட்டி, "அந்த ராஜா கதை இதுலதான இருக்கு?" என்றாள். "படி."

"எதுக்கு?"

"படின்னா படியேன். நான் கண்ணாடி எடுத்துட்டு வரல. காது இருக்குல்ல எனக்கு, கேட்டுட்டுப் போறேன்."

பெர்சிடா பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்தாள். சொல் சொல்லாக, விரல் வைத்து. சம்ஃபிரா கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். பிள்ளை ஏழாம் நாள் செத்துப்போகிறது. ராஜா எழுந்திருக்கிறார், குளிக்கிறார், சாப்பிடுகிறார், நான் அதனிடம் போவேன் என்கிறார். முடிந்தது.

"அந்தப் பிள்ளைக்குப் பேரு என்ன?" என்று கேட்டாள் சம்ஃபிரா.

பெர்சிடா பார்த்தாள். மேலே போய்ப் பார்த்தாள், கீழே வந்து பார்த்தாள். முன் பக்கத்தைப் புரட்டினாள். ராஜாவுக்குப் பேர் இருந்தது, தாய்க்குப் பேர் இருந்தது, கண்டிக்க வந்த தீர்க்கதரிசிக்குப் பேர் இருந்தது. எஸ்தேரா வீட்டு மேஜையில் அத்தனை பேர் உட்கார்ந்து படித்தும் ஒருத்தியும் இதைக் கேட்கவில்லை.

"பேரே போடல அண்ணி. பிள்ளைன்னுதான் இருக்கு."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். இல்ல. ஏழாம் நாளே போயிருச்சு. அந்தக் காலத்துல அவங்களுக்கு எட்டாம் நாள்தான் பேரு வெக்கற சடங்கு. அதுக்கு முன்னாடியே..."

"பேரில்லாத பிள்ளைகிட்டயா நான் போவேன்னாரு?"

"ஆமா."

சம்ஃபிரா நாற்காலியை இழுத்துத் தொப்பென்று உட்கார்ந்தாள். அப்புறம் அலமாரியைப் பார்த்தாள்.

"அது யாருக்கு வெச்ச தட்டு?"

"யாரும் வாங்கல."

"எனக்குக் குடு."

பெர்சிடா எழுந்து தட்டை எடுத்தாள். "சிமியோனுக்கும் மிரேலாவுக்கும்," என்றாள்.

"கடவுள் ஏத்துக்கட்டும்," என்றாள் சம்ஃபிரா. காய்ந்த ரொட்டியில் ஒரு ஓரத்தைக் கடித்து உடைத்து, மென்று விழுங்கினாள். பெர்சிடா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷத்துக்கும் மேலாக வெறுங்கையோடு இருந்த பிள்ளையின் கையில் அப்போதுதான் ஏதோ போய்ச் சேர்ந்தது. அவள் அப்படித்தான் நம்பினாள். அதை யாரும் அவளிடமிருந்து பிடுங்க முடியாது.

சம்ஃபிரா போவாள் என்று பார்த்தால் போகவில்லை. பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தாள். "உங்கிட்ட இன்னொரு தட்டு இருக்கா?"

"எதுக்கு?"

"குடேன்."

பெர்சிடா ஒரு தட்டை எடுத்துக் கொடுத்தாள். சம்ஃபிரா ரொட்டியை அதில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, எழுந்து நின்று அவள் முன்னால் நீட்டினாள்.

"என்னோடதுக்கு," என்றாள்.

"உன்னோடதா? எது?"

"உன்னுது பிறந்துச்சே, அதுக்கு முந்தின இலையுதிர் காலம். எனக்கு மூணாவது. யாரும் பிள்ளையக் கலைச்சுடக் கூடாதுன்னு கம்பெனிக்கே கவர்மெண்ட் டாக்டர் வந்து பொம்பளைங்க வயித்த அமுக்கிப் பாத்துட்டுப் போன காலம், உனக்குத் தெரியாததா? கலைச்சா ஜெயிலு. வீட்டுல இருக்கற ரெண்டுக்கே பால் இல்ல. நானே கலைச்சுக்கிட்டேன். யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. பாவசங்கீர்த்தனத்துலகூட சொல்லல. வாய் வரல."

பெர்சிடா தட்டை வாங்கவும் இல்லை, விலக்கவும் இல்லை.

"நீ தண்ணி கேட்டியே," என்றாள் சம்ஃபிரா. "எனக்குக் காது கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. குடம் பக்கத்துலதான் இருந்துச்சு. இந்தக் கையால எடுத்துக் குடுக்க எனக்குப் பயமா இருந்துச்சுடி. இந்தக் கை என்ன செஞ்சதுன்னு எனக்குத்தான தெரியும்? என் பாவம் தண்ணியில கலந்து உன் பிள்ளை தலையில இறங்கிருமோன்னு... சாமியார் வரட்டும், சாமியார் கையால ஆகட்டும்னு நெனச்சேன். வந்துருவாருன்னு நெனச்சேன்."

"ஒரு டம்ளர் தண்ணி, அண்ணி," என்றாள் பெர்சிடா. "ஒரே ஒரு டம்ளர்."

"தெரியும்."

"வேலிக்கு வெளிய போட்டோம் அவள. நாய் நடக்கற எடத்துல."

"தெரியும்டி."

"கைராசி இல்லாதவன்னு என்னச் சொன்ன. எத்தனை தடவை சொன்ன!"

"சொன்னேன். என்னச் சொல்ல ஆளில்ல, உன்னச் சொன்னேன்."

தட்டு இன்னும் நீட்டியபடியே இருந்தது. பெர்சிடாவுக்கு அதைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. பீங்கான் தரையில் விழுந்து நொறுங்கும் சத்தம்கூடக் காதில் கேட்டுவிட்டது. தட்டிவிட்டிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் தட்டை நீட்டிக்கொண்டு ஒரு வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வாங்க ஒரு கை வராவிட்டால் அந்த ரொட்டி எவ்வளவு கனக்கும் என்றும் தெரியும்.

"பேரு வெக்கல," என்றாள் சம்ஃபிரா. "ஆணா பொண்ணான்னுகூடப் பாக்கல. பேரில்லாம வாங்குவியா?"

பெர்சிடா வாங்கிக்கொண்டாள். சம்ஃபிரா காத்திருந்தாள்.

"கடவுள் ஏத்துக்கட்டும்," என்றாள் பெர்சிடா.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சம்ஃபிராவும் கேட்கவில்லை. பெர்சிடா ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டாள். முழுவதும் சாப்பிட்டாள். வெளியே இருட்டிவிட்டிருந்தது. சம்ஃபிரா முக்காட்டைக் கட்டிக்கொண்டு, மிரேலாவுக்கென்று வாங்கிய தட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல் தாண்டும்போது பெர்சிடா கூப்பிட்டாள்.

"அண்ணி."

"என்ன?"

"அடுத்த வியாழக்கிழமை வர்றப்ப கண்ணாடி எடுத்துட்டு வா. நான் மட்டுமே படிச்சிட்டிருக்க மாட்டேன்."